நாமக்கா

என் அக்கா தலைவியாகவே பிறந்தவள். பின்னால் வருவதற்குத்தான் ஆள் பிறக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சில ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன் என்று அவள் இன்றும் நம்புகிறாள்.

அவளுடைய முதல் தொண்டர் படை நானும் இரண்டு தலையணைகளும். வரிசையாக நிற்க வேண்டும், அவள் கை காட்டினால் நடக்க வேண்டும். தலையணைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. நான் அழுதேன். பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலை ஒருநாள் அவளுக்குக் கிடைத்தது. ஆசிரியர் திரும்பி வந்தபோது பலகையில் இடமே இல்லை. வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். நியாயம் தவறக் கூடாது என்று கடைசியில் தன் பெயரையும் எழுதியிருந்தாள். "பேசாதீங்க" என்று அதிகம் கத்தியது அவள்தானே. மறுநாள் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.

"அன்னிக்கு நான் எழுதுனதுல ஒரு பேராவது தப்பாடீ?" என்று இப்போதும் கேட்பாள்.

தப்பில்லை. ஒரு பெயர்கூடத் தப்பில்லை. அதனால்தான் அடுத்த ஒரு வருடம் அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை.

அவளைக் கிண்டல் செய்கிறேனே தவிர எனக்கும் அதே வியாதிதான். பள்ளி முடித்ததும், பெரிய நிறுவனம் ஒன்றை நடத்தப் போகிறேன் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். எதைத் தயாரிக்கும் நிறுவனம் என்று கேட்டால் மட்டும் கோபம் வரும். இதுவரை நான் தலைமை வகித்தது எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு. நான்தான் அட்மின். அப்பா அதை மியூட் செய்து வைத்திருக்கிறார். மேலே என்ன படிப்பது என்று முடிவு எடுக்க முடியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த என்னை, "நடக்கற நேரத்துக்குத் துணியாவது மடிக்கலாம்ல" என்று சொல்லி அக்கா தான் வேலை செய்த சலவை ஆலையில் சேர்த்துவிட்டாள்.

ஆலை, டயர் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் ஒரு மரக்கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, சாப்பாட்டு மேஜைத் துணி எல்லாம் மூட்டையாக முன்னறையில் வந்து விழும். அங்கே பிரிப்பார்கள். அடுத்த அறையில் ஆள் நுழையும் அளவுக்கு வாய் அகன்ற சலவை இயந்திரங்கள். அதைத் தாண்டினால் இஸ்திரி உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் கொடுத்தால், அந்தப் பக்கம் இரண்டு பேர் காய்ந்து சூடான விரிப்பாக வாங்குவார்கள். கடைசியில் எங்கள் மடிப்பு மேஜை. ஜன்னல் கண்ணாடிகள் எப்போதும் வியர்த்திருக்கும். நாங்களும்தான்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் பழைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றுப் போனார். முதலாளி அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ கொஞ்ச நாள் இன்சார்ஜா இருந்து பாரு. மாசக் கடைசிவரைக்கும் பாப்போம். சரியா வரலன்னா என் மச்சான வரச் சொல்லிடறேன்."

மச்சானைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். முதலாளியின் இன்னொரு கிளையை அவர் பார்த்துக்கொண்டபோது கழிவறைச் சாவியைத் தன் இடுப்பில் வைத்திருந்தார். சாவி கேட்டால், "இப்பத்தானே போன?" என்பார். அந்தக் கிளை இப்போது இல்லை. அதனால் அக்கா தோற்றால் அது அவளுடைய தோல்வி மட்டுமில்லை. எல்லாருடைய வயிற்றுக்கும் ஆபத்து. அக்காவுக்கு வேறொன்றும் இருந்தது. இத்தனை வருடங்களில் முதல்முறையாக, பின்னால் உண்மையான மனிதர்கள். இதையும் கோட்டைவிட்டால் திரும்பப் பிரிப்பறைக்குத்தான் போக வேண்டும். அழுக்குத் துணியைத் தொட்டுத் தொட்டு அவள் விரல்கள் ஏற்கெனவே வெடித்திருந்தன.

"இத மட்டும் விட்டுட்டேன்னா அவ்ளோதான்டீ" என்றாள் என்னிடம்.

"நான் இருக்கேன்ல" என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

தலைமைப் பண்பு பற்றி மொபைலில் நான் பார்க்காத பேச்சு கிடையாது. கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்துகொண்டே பேசுவார். அவர் பேசுவது ஆங்கிலம், தமிழ்க் குரல் மேலே ஒட்டியிருக்கும். அந்த ஞானத்தை எல்லாம் மூட்டை கட்டி அக்காவின் தலையில் ஏற்றினேன். ஆலையில் என்னை "மந்திரி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாடம், கண்ணைப் பார்த்துப் பேசுவது. இயந்திரத்தில் துணி போடும் அண்ணனிடம் அக்கா ஆரம்பித்தாள். அவர் சாதாரணமாகப் பேசினாலே டயர் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். எங்களுக்கு அவர் ஒலிபெருக்கி அண்ணன். அக்கா கண்ணிமைக்காமல் அவரையே பார்த்தாள். அவர் பின்னால் ஓரடி வைத்தார்.

"என்னம்மா, கண்ணுல சோப்பு பட்டுடுச்சா? தண்ணி கொண்டுவரவா?"

ஆலை முழுக்கக் கேட்டது.

இரண்டாவது பாடம், நாலு பேர் முன்னால் பாராட்டுவது. பிரிப்பறையில் இருக்கும் பெரியம்மாவுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. அவர் யாருக்கும் பெரியம்மா இல்லை, எல்லாருக்கும் பெரியம்மா.

"பெரியம்மா, நீங்க மூட்டை பிரிக்கற அழகே தனி. உங்கள மாதிரி யாராலயும் முடியாது."

பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கையில் இருந்த துண்டைக் கீழே போட்டார். "என்ன வேலைய விட்டு எடுக்கப் போறியா? நேராச் சொல்லிடும்மா, சுத்தி வளைக்காத."

அன்று மாலை வரை அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

மூன்றாவது பாடம்தான் வினை. மேடையில் நடந்த அந்த மனிதர், ஒரு தலைவர் ஒருபோதும் 'நீங்கள்' என்று ஆணையிடக் கூடாது, எப்போதும் 'நாம்' என்றே சொல்ல வேண்டும் என்றார். கேட்ட உடனே எனக்குப் புல்லரித்தது. அக்காவும் கண்ணாடி முன் நின்று பழகினாள். மறுநாளிலிருந்து ஆலையில் ஒரே நாமதான்.

"நாம ஏன் இன்னிக்கு லேட்டு?"

"நாம கொஞ்சம் வேகமா மடிக்கலாமே!"

"நாம பாத்ரூம்ல இவ்ளோ நேரம் என்ன பண்றோம்?"

கேட்டுவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வேகமாக மடிக்கிறது நாங்கள், பார்க்கிறது அவள். ரெண்டாம் நாளே ஒலிபெருக்கி அண்ணன் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்: நாமக்கா. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டே, "நாம நாமனு சொல்லியே நமக்கு நாமம் போடறாங்கப்பா" என்றார். ரகசியமாகத்தான் சொன்னார். அவருடைய ரகசியம் உருளைச் சத்தத்தையும் தாண்டி அக்கா நின்ற இடத்துக்கே போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவள் துவைக்கப் போட்டிருந்த துணிக்குவியலிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நீ சொன்னதத்தானே சொன்னேன்?"

"நீ சொல்ற தொனி சரியில்ல" என்றேன். மந்திரிகள் எப்போதும் இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் வந்து இந்தப் பாத்திரத்தக் கழுவுங்க. தலைமைப் பண்பு தானா வரும்."

மாசக் கடைசி நெருங்கிய நேரத்தில், பெரிய ஹோட்டலில் ஏதோ மாநாடு. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மூட்டை வந்து இறங்கியது. சாயங்காலம் வேன் வருவதற்குள் எல்லாம் மடித்துத் தயாராக இருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்ததும் ஒவ்வொரு விரிப்பையும் உதறிவிட்டுத்தான் இயந்திரத்தில் போடுவது எங்கள் வழக்கம். உள்ளே வேறு துணியோ கரண்டியோ சிக்கியிருந்தால் விழுந்துவிடும். உதறினால் கை வலிக்கும், தூசி மூக்கில் ஏறும், நேரமும் போகும். 'தேவையற்ற படிகளை நீக்கு' என்று நான் ஒரு பேச்சில் கேட்டிருந்தேன். அக்காவின் காதில் போட்டேன்.

"நாம இன்னிக்கு உதற வேணாம். அப்படியே போட்டுடலாம்" என்று அறிவித்தாள்.

அவள் சொன்ன ஒன்றை எல்லாரும் முகம் மலர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியம்மா, "நல்லா இருப்பம்மா" என்று வாழ்த்தினார். ஒலிபெருக்கி அண்ணன் கட்டுக் கட்டாக அள்ளி உள்ளே போட்டார். என் ஆலோசனை முதல்முறையாக வேலை செய்கிறது என்று நான் மேஜையில் தாளம் போட்டேன்.

இயந்திரத்தின் கதவைத் திறந்தபோது அண்ணனின் சத்தம் கேட்கவில்லை. அவரிடமிருந்து சத்தம் வரவில்லை என்றதுமே எல்லாரும் ஓடினோம். உள்ளே இருந்த விரிப்புகள் அத்தனையும் இளஞ்சிவப்பு. ஒரே சீராக, பார்க்கவே அழகாக, குழந்தையின் கன்னம் போல. நடுவில் சாப்பாட்டு மேஜைக்குப் போடும் சிவப்புத் துணி ஒன்று, நனைந்து சுருண்டு கிடந்தது.

முதலாளி வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அவர் ஒரு விரிப்பின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு இத மெஷின்ல போட்டது?"

ஒலிபெருக்கி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு ஒருமுறை உலர்த்தும் இயந்திரத்தில் கம்பளி ஒன்று கருகியபோது முதலாளி அவரை எல்லார் முன்னாலும் எச்சரித்திருந்தார், இன்னொரு தடவை ஏதாவது ஆனால் அப்படியே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று.

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். குரல் சாந்தமாக இருந்தது. "நீதானே இன்சார்ஜ்? ஒரு பேரச் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன். உனக்கு ஒண்ணும் ஆகாது. உன் வேலை அப்படியே இருக்கும்."

பெயர் சொல்லச் சொன்னால் என் அக்காவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதுவும் இது தப்பில்லாத பெயர். மேலும் அந்தப் பெயர்க்காரர்தான் அவளுக்கு நாமக்கா என்று பெயர் வைத்தவர். அக்கா வாயைத் திறந்தாள். பயத்தில் அவளுக்குப் பழகிப்போனதே வந்தது.

"சார்... நாம தப்பு பண்ணிட்டோம் சார்."

"நாமளா?" முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "நான் என்னம்மா பண்ணேன்? நான் பாட்டுக்கு ஆபீஸ்ல உக்காந்திருந்தேன்!"

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. முதலாளியையே குற்றத்தில் சேர்த்துவிட்டோமே!

"ஐயோ, நீங்க இல்ல சார்! உங்களச் சொல்லல. நாங்க... நாங்க தப்பு பண்ணிட்டோம்."

இந்த இடத்தில் கொஞ்சம் இலக்கணம் சொல்ல வேண்டும், மன்னிக்கவும். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், அவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மேடையில் நடந்த அந்த மனிதரின் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவைகூட அது மண்டையில் உறைக்கவில்லை. இத்தனை நாளாக அக்கா நாம நாம என்று எங்களை இழுத்துப் பார்த்தாள், ஒருவரும் அசையவில்லை. வேலை சொல்லும்போது எல்லாரும் சொல்லும் 'நாம'தானே அது. இப்போது வாய் தவறி வந்த 'நாங்க'வில் முதலாளி ஒருபக்கம் போய்விட்டார். அக்கா எங்கள் பக்கம் வந்துவிட்டாள். ஒலிபெருக்கி அண்ணன் தலையைத் தூக்கினார்.

முதலாளியும் கவனித்துவிட்டார். "நாங்கன்னா? யார் யாரு?"

அவள் அப்போதும் தப்பித்திருக்கலாம். ஒரு விரலை நீட்டினால் போதும். சுற்றிப் பார்த்தாள். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரி கண்ணிமைக்காமல் எல்லாம் இல்லை; படபடவென்று இமைத்துக்கொண்டுதான் பார்த்தாள்.

"உதற வேணாம்னு சொன்னது நான் சார். உதறாம போட்டது இவங்க. பேர் வேணும்னா என் பேர்லதான் ஆரம்பிக்கணும். அப்புறம் எல்லார் பேரும் வரும். நாங்கன்னா..." விக்கல் வந்துவிட்டது. "நாங்கன்னா நாங்கதான் சார்."

கதைகளில் இப்படிச் சொல்கிறவர்களுக்கு விக்கல் வருவதில்லை. என் அக்காவுக்கு வந்தது. இரண்டு தடவை. முதலாளி அது முடியும்வரை காத்திருந்தார்.

"சாயங்காலம் வேன் வரும்போது இது வெள்ளையா இருக்கணும். இல்லன்னா என் மச்சான் நாளைக்கு இங்க நிப்பான்." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒலிபெருக்கி அண்ணன் கேட்டார், தன் வாழ்க்கையிலேயே மிகவும் சின்னக் குரலில்: "தண்ணி சூடேத்தவா, இன்சார்ஜ்?"

"ஏத்துங்கண்ணே."

எனக்குள் இருந்த மந்திரி சும்மா இருக்கவில்லை. "அக்கா, எல்லாரையும் ஒண்ணா நிக்க வெச்சு ரெண்டு வார்த்தை பேசு. உற்சாகமா."

"நீ வாய மூடிக்கிட்டு இந்த முனையப் பிடி" என்று ஈர விரிப்பு ஒன்றை என்மேல் எறிந்தாள்.

சாயம் எடுக்கும் பொடியைக் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் திரும்பத் திரும்ப ஓட்டினோம். சாப்பாட்டு மணி அடித்தது, யாரும் போகவில்லை. மீதி மூட்டைகளைப் பெரியம்மா ஒவ்வொன்றாக உதறிக் கொடுத்தார், தும்மிக்கொண்டே. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. நிற்க அவளுக்கு இடமும் இல்லை, உருளையின் ஒரு பக்கம் ஆள் குறைந்ததால் அங்கே போய் நின்றிருந்தாள்.

பெரும்பாலானவை வெளுத்துவிட்டன. கொஞ்சம் விரிப்புகள் மட்டும் வெட்கப்பட்ட மாதிரியே இருந்தன.

"கட்டுக்கு நடுவுல வெச்சுடலாம். எவன் பாக்கப் போறான்?" என்றார் ஒலிபெருக்கி அண்ணன்.

அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு எல்லாரையும். "வைக்கலாமா? என்ன சொல்றீங்க?" உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று எங்களுக்குத் தெரியும்படி அவள் கேட்டது, எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல்முறை.

பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வெச்சா, அங்க ரூம்ல விரிக்கற பொண்ணத்தான் திட்டுவாங்க. அவளும் நம்மள மாதிரி ஒருத்திதானே?"

"அதுவும் சரிதான்" என்றார் அண்ணன், கொஞ்சம் வருத்தத்தோடு.

அந்த விரிப்புகளை அக்கா தனியாக எடுத்து வைத்தாள். ஹோட்டலில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குத் தானே போன் செய்தாள். "எங்க கையில கெட்டுப்போச்சு மேடம். குறையறதுக்குக் காலைல வேற அனுப்பறோம்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த திட்டு ஒலிபெருக்கி அண்ணனையே அசத்திவிட்டது. "நம்ம இனம்" என்று மரியாதையோடு சொன்னார். அக்கா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, திட்டு தீரும்வரை "ஆமாங்க மேடம், ஆமாங்க மேடம்" என்றாள். முதலாளி தன் அறைக் கதவைத் திறந்து நின்று முழுக்கக் கேட்டார். பிறகு கதவை மூடிக்கொண்டார்.

மறுநாள் மச்சான் வரவில்லை. மாசக் கடைசியில் வந்தார். முதலாளி அவரை ஆலை முழுக்கச் சுற்றிக் காட்டினார். எங்கள் மேஜை அருகில் வரும்போது அக்காவின் கையிலிருந்த துண்டு மூன்று தடவை கோணலாக மடிந்தது. முதலாளி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, அக்காவுக்குக் கேட்கும்படியே கேட்டார்.

"சொல்லுப்பா. இவ எப்படி?"

ஒலிபெருக்கி அண்ணன் யோசித்தார். "வாய் ஜாஸ்தி சார். அவசரக் குடுக்கை. கூட ஒரு மந்திரி வேற வெச்சிருக்கா, அது இன்னும் மோசம்." மூச்சு விட்டுக்கொண்டார். "ஆனா எங்கள மாட்டிவிட மாட்டா. இவ சொன்னா நான் ராத்திரி பகல்னு பாக்க மாட்டேன். வேற ஆள் வந்தா, என் வேலை எவ்ளோவோ அவ்ளோதான்."

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் ஜன்னல் ஓரமாக நின்று சட்டைக் காலரைத் தூக்கி விசிறிக்கொண்டிருந்தார்.

"சரி, இவளே இருக்கட்டும்" என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அவன் வீட்ல சும்மா உக்காந்திருந்தா எனக்குச் சாப்பாடு கிடைக்காது. அந்த வேன் ஓட்டற வேலைய அவனுக்குக் குடுக்கலாமான்னு யோசிக்கறேன்."

அக்கா கோணலாக மடிந்த துண்டைப் பிரித்து நேராக மடித்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்பதை நான் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

நாமக்கா என்ற பெயர் போகவில்லை. இப்போது அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். உதறாமல் ஒரு துணியும் இயந்திரத்துக்குப் போவதில்லை. நான் மந்திரி பதவியிலிருந்து நீக்கப்பட்டேன். மேலே என்ன படிப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அவசரத்தில் ஒரு பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். அது தவறிப்போய் இயந்திரத்துக்குள் விழுந்து உடைந்தால், உள்ளே இருக்கும் துணி எல்லாம் மையாகிவிடும். அக்கா அறையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏய்! பாக்கெட்ல என்னடீ அது? எடு வெளிய!"

தங்கை என்று ஒரு சலுகை இல்லை. முன்பெல்லாம் அவள் இப்படிக் கத்தினால் சிரிப்பு கிளம்பும். நானும் அதற்காகக் காத்திருந்தேன், கொஞ்சம் அவமானத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று. யாரும் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கி அண்ணன் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பெரியம்மா இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் திட்டில் வைத்தார். உருளைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை விட்டுத் துழாவினார்கள். ஏதோ கேட்க வந்த முதலாளி வாசலிலேயே நின்றார். தன் சட்டையில் மாட்டியிருந்த பேனாவைக் குனிந்து பார்த்தார். மெதுவாகக் கழற்றிக் கைக்குள் மறைத்துக்கொண்டு, வந்த வேலையைச் சொல்லாமலே திரும்பிப் போனார்.